வாசல் எந்தத் திசை? பிரிட்டனியிலிருந்து பாய்ன் ஆறு வரை

திங்கள், கார்னாக்

எகிப்தில் இருக்கும் கார்னாக் இல்லை இது. பிரான்ஸின் வடமேற்கு மூலையில், பிரிட்டனிக் கடற்கரையில் இருக்கும் சின்ன ஊர். கற்கால மனிதர்கள் நட்ட கல் வரிசைகளுக்குப் பேர்போனது. அவர்கள் கட்டிய கல்லறைகளின் வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது, ஏன் என்று பார்க்கக் கிளம்பிய பயணம் இங்கே தொடங்குகிறது. அக்டோபரில் வந்தது நல்லதாயிற்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வழிகாட்டி இல்லாமல் கல் வரிசைகளுக்குள் விடமாட்டார்கள். மிதிபட்டுப் புல் அழிந்து, மண் அரித்து, கற்களின் அடி வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டதாம். இப்போது வேலிக்கதவு திறந்தே கிடக்கிறது.

மெனெக் என்ற இடத்தில் மட்டும் 11 வரிசைகளில் சுமார் 1,100 கற்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. மேற்குக் கோடியில் ஆளை விட உயரமாகத் தொடங்கி, நடக்க நடக்க இடுப்பளவு, முழங்காலளவு என்று குறைந்து, கிழக்கே போய் மறுபடி உயர்கின்றன. பக்கத்தில் கெர்மாரியோ, கெர்லெஸ்கான் வரிசைகளையும் சேர்த்தால் மூவாயிரத்தைத் தொடும். துரத்தி வந்த ரோமானியச் சிப்பாய்களைப் புனித கொர்னேலி கல்லாக்கிவிட்டார் என்பது ஊர்க்கதை. 2025 ஜூலையில்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். இவ்வளவு காலம் எப்படி விட்டுவைத்தார்களோ.

கூட வந்திருப்பவர் என் தாய்மாமா. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் கற்களைப் படம் பிடிக்கும்போது அவர் திசைக்கோணம் அளக்கும் பிரிஸ்மாட்டிக் காம்பஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அலெக்சாண்டர் தோம் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு ஏக குஷி. ஆக்ஸ்ஃபோர்டில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். 1970களில் ஆட்களோடு வந்து இந்த வரிசைகளைத் தியடலைட் என்ற கோணமானி வைத்து அளந்தார். கற்காலத்தில் 0.829 மீட்டர் நீளமுள்ள ஒரு பொது அளவுகோல் இருந்தது, இந்த இடமே சந்திரனைக் கணிக்கும் கூடம் என்றெல்லாம் எழுதினார்.

“தியடலைட் வச்சு அளந்தவன் பேச்சை லேசாத் தள்ளக் கூடாது மாப்ளே” என்றார் மாமா.

அப்புறம்தான் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தோம். சில கற்களின் அடியில், தரையை ஒட்டி, விரல் அகலத்துக்குச் சதுரமாகச் சிவந்த சிமெண்ட் அடைப்பு. விழுந்து கிடந்து, பின்னால் தூக்கி நட்ட கல் என்று அதற்கு அர்த்தம். இந்த ஊரிலேயே பிறந்த சக்காரி லெ ருசிக் என்ற ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறையக் கற்களை நிமிர்த்தி வைத்தார். அடையாளம் போட்டுவிட்டுப் போன நேர்மையைப் பாராட்ட வேண்டும். மாமா குனிந்து, சிவப்பு இருக்கும் கற்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டே போனார். “திரும்ப நட்டவன் பழைய குழியில்தான் நட்டானா? இதை வச்சு அரை டிகிரிக்குக் கணக்குப் போட்டா எப்படி?” தோம் மேல் வந்த மரியாதை மாலைக்குள் பாதியாகக் குறைந்துவிட்டது.

செவ்வாய், லொக்மரியாக்கேர்

ஒரு கல் நாலு துண்டாகத் தரையில் கிடக்கிறது. முழுசாக நின்றபோது 20 மீட்டருக்கு மேல் நீளம், எடை 300 டன்னை ஒட்டி. இந்த வகைக் கல் இங்கே சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பல கிலோமீட்டர் தள்ளியிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள், சக்கரமும் வண்டிமாடும் இல்லாத காலத்தில்.

இதைத் தோம் நிலா பார்க்கும் குறிக்கம்பம் என்றார். நிலா உதிக்கும் இடமும் மறையும் இடமும் 18.6 வருஷச் சுழற்சியில் விரிந்து சுருங்கும். இங்குள்ள வளைகுடாவைச் சுற்றிப் பல இடங்களில் நின்று, இந்தக் கல்லின் உச்சியோடு நிலாவைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கடைக்கோடிகளைக் குறிக்கலாம் என்பது அவர் கணக்கு. அழகான கணக்குதான். ஆனால் பின்னால் தோண்டியபோது, இந்தக் கல்லுக்கு வரிசையாகப் பக்கத்திலேயே இன்னும் பதினெட்டு குழிகள் போலக் கிடைத்தன. பெரிதிலிருந்து சிறிதாக ஒரு கல் வரிசையே நின்றிருக்கிறது. தனிக்கம்பம் என்ற எண்ணத்துக்கு அதோடு சரி.

மற்ற கற்கள் எங்கே போயின? பக்கத்திலிருக்கும் ‘வணிகரின் மேசை’ என்ற கல்லறைக்குள் குனிந்து போய் நிமிர்ந்தால் விடை தலைக்கு மேல் இருக்கிறது. கூரைப் பலகையில் ஒரு கோடரி, அரைகுறையாக ஒரு மிருகம். அது கூரைக்காகச் செதுக்கியதில்லை. நின்றுகொண்டிருந்த கல்லை உடைத்துக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள். மிருகத்தின் மீதி எங்கே என்பது நாளைக்கு.

இந்தக் கல்லறைகள் எங்கிருந்து தொடங்கின என்ற சண்டையைச் சொல்ல இதுதான் சரியான ஊர். தொல்லியல் அறிஞர் கார்டன் சைல்டு காலத்தில் எல்லாம் கிழக்கு மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது என்றார்கள். மதப் பிரசாரகர்கள் மாதிரி யாரோ கப்பலேறி வந்து கல்லறை கட்டக் கற்றுக்கொடுத்தார்களாம். எலும்பு, கரி போன்றவற்றின் வயதைச் சொல்லும் ரேடியோகார்பன் கணக்கு சரிசெய்யப்பட்டு வந்ததும் அது கவிழ்ந்தது. பிரிட்டனிக் கல்லறைகள் எகிப்தியப் பிரமிடுகளை விட ஆயிரம் வருஷத்துக்கு மேல் மூத்தவை. அப்புறம் அங்கங்கே தனித்தனியாகத் தோன்றியவை என்ற பேச்சு வந்தது. 2019இல் சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டினா ஷுல்ஸ் பால்சன், ஐரோப்பா முழுக்க இருந்து 2,410 ரேடியோகார்பன் கணிப்புகளைச் சேர்த்துப் பார்த்தார். மிகப் பழையவை வடமேற்கு பிரான்ஸில், கி.மு. 4700ஐ ஒட்டி, அங்கிருந்து கடல் வழியாகக் கரைக்குக் கரை பரவியிருக்கின்றன என்றார். உள்நாட்டில் இந்தக் கல்லறைகள் அதிகம் இல்லை, கரையோரம்தான் கொத்துக் கொத்தாக இருக்கின்றன என்பதை வரைபடத்தில் பார்த்தாலே தெரிகிறது.

கடலில் போக்குவரத்து இருந்தது என்பதற்குச் சாட்சி நேற்று நாங்கள் ஏறிய புனித மிஷேல் மேடு. 125 மீட்டர் நீளம், உச்சியில் இப்போது ஒரு சின்னத் தேவாலயம். அடியில் இருந்த கல் பெட்டியில் ஆல்ப்ஸ் மலைப் பச்சைக்கல்லில் செய்த கோடரிகளும், ஸ்பெயின் பக்கத்துப் பச்சை மணிகளும் கிடைத்தன. அந்தப் பெட்டிக்கு வாசல் கிடையாது. ஆளை வைத்தார்கள், மூடினார்கள், மேலே மலையைக் குவித்தார்கள். இங்கே முதலில் வந்தவை இந்த வகைதான். திரும்பத் திரும்பத் திறந்து உள்ளே போகிற, நடைபாதை வைத்த கல்லறை பின்னால் வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வாசல் இல்லாத குழிக்குத் திசை இல்லை. வானத்தோடு இவர்களுக்கு என்ன கணக்கு என்ற கேள்வியே வாசல் வைத்த பிறகுதான் வருகிறது.

(நம்மூர்க் கல்பதுக்கைகளோடு, அதாவது பலகைக் கற்களால் ஆன பழைய புதைகுழிகளோடு, தொடர்பு உண்டா என்று கேட்டு எழுதியவர்களுக்கு: இல்லை. நம்மூர்ப் பெருங்கற்காலக் குழிகளில் இரும்புச் சாமான் கிடைக்கும். இவர்களுக்கு இரும்பு என்றால் என்னவென்றே தெரியாது.)

புதன், கவ்ரினி

லார்மோர்-பாடெனிலிருந்து படகில் கால் மணி நேரம். வழியில் எர் லானிக் என்ற குட்டித் தீவு. அங்கே ஒரு கல் வட்டம் பாதி கரையிலும் பாதி தண்ணீருக்குள்ளும் இருக்கிறது. இவற்றை நட்ட காலத்தில் கடல் மட்டம் மீட்டர் கணக்கில் கீழே இருந்தது. கவ்ரினி அப்போது தீவே இல்லை, சமவெளியைப் பார்த்து நிற்கும் குன்று.

கவ்ரினிக் கல்லறை மேட்டுக்குள் 14 மீட்டர் நடைபாதை. ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டியிருக்கிறது. சுவரில் 29 பலகைக் கற்கள், அவற்றில் 23இல் செதுக்கல். ஒரு புள்ளியிலிருந்து அரைவட்டம், அதற்கு வெளியே இன்னொன்று, அதற்கு வெளியே இன்னொன்று. பக்கத்து அரைவட்டத்தில் போய் இடிக்கும் வரை. இடையில் கைப்பிடி இல்லாத கோடரிகள் ஜோடி ஜோடியாக. இரும்பு உளி இல்லாமல் கிரானைட்டில் இதைச் செய்திருக்கிறார்கள். டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கொத்தும் தனியாகத் தெரிகிறது. நடுவில் ஒரே ஒரு கல் மட்டும் வெள்ளைக் குவார்ட்ஸ், அதில் ஒரு கோடு கூடக் கிடையாது. அறையில் இன்னொரு கல்லில் மூன்று துளைகள். துளைகளுக்கு நடுவே கல்லையே கைப்பிடிபோலக் குடைந்து விட்டிருக்கிறார்கள். உள்ளே கை விட்டுப் பிடிக்கலாம் போல இருக்கிறது. தொடக் கூடாது.

நேற்று விட்ட மிருகத்தின் மீதி இங்கேதான். அறையின் கூரைக்கல் 17 டன். உள்ளிருந்து பார்த்தால் மொட்டை. 1980களில் சார்ல்ஸ்-தாங்கி லெ ரூ என்ற தொல்லியலாளர் மேட்டைச் சீரமைக்க மேலே திறந்தபோது, அந்தக் கல்லின் மேல்முகத்தில் நீண்ட கொம்புகளோடு ஒரு மாடும், கோடரியின் ஒரு பகுதியும் இருந்தன. நாலு கிலோமீட்டர் தள்ளி நாம் நேற்று பார்த்த கூரைக்கல்லோடு உடைந்த விளிம்பு பொருந்தியது. இரண்டும் ஒரே நெடுங்கல்லின் துண்டுகள். 14 மீட்டர் போல உயரம் இருந்திருக்கும். செதுக்கலை யாரும் பார்க்க முடியாதபடி மேல்பக்கம் திருப்பி மண்ணைப் போட்டு மூடியவர்கள் அதை மறைத்தார்களா, செத்தவரோடு சேர்த்து வைத்தார்களா? வழிகாட்டிப் பெண் இரண்டையும் சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினார்.

வாசல் தென்கிழக்கு. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலன்று சூரியன் உதிக்கும் திசைக்குப் பக்கத்தில்.

மாமா படகில் திரும்பும்போது கையேட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். நம்மூரில் சூரியன் வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்து வடக்கே 24 டிகிரி, தெற்கே 24 டிகிரிக்குள்தான் உதிக்கும். வடக்கே போகப் போக ஊசலின் வீச்சு கூடும். இங்கே 36 டிகிரி, அயர்லாந்தில் 42. அதாவது இங்கே சூரியன் அடிவானத்தில் இடம் மாறுவது வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும், படிக்காதவனுக்கும் தெரியும். பகலும் பாதியாகச் சுருங்கும். நம் ஆட்கள் மழையைப் பார்த்துக் கவலைப்பட்ட மாதிரி இவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

“சரி, ஆனா ஒரு வாசலை அளந்து ஒன்னும் சொல்ல முடியாது. ஏதாவது ஒரு திசையில் வாசல் இருந்துதானே ஆகணும்? அது எதையாவது பார்த்துத்தான் இருக்கும். ஊர் பூரா அளந்தாத்தான் பேச்சு.”

ஊர் பூரா அளந்தவர் ஒருவர் இருக்கிறார் என்றேன். மைக்கேல் ஹோஸ்கின், கேம்பிரிட்ஜில் வானியல் வரலாறு படிப்பித்தவர். காம்பஸோடு தெற்கு ஐரோப்பா முழுக்க வருஷக்கணக்கில் அலைந்தார். போர்ச்சுகலின் அலென்தேஜுவிலும் அதை ஒட்டிய ஸ்பெயின் பகுதியிலும் ஏழு கல்லால் ஆன ஒரு வகைக் கல்லறை உண்டு. அவர் அளந்தவை 177. அத்தனையும், ஒன்று விடாமல், சூரியன் வருஷத்தில் ஏதோ ஒரு நாள் உதிக்கும் வீச்சுக்குள் வாசல் வைத்திருந்தன. அந்த வீச்சு முழு வட்டத்தில் ஆறில் ஒரு பங்குதான். தற்செயலாக 177 தடவையும் அதே ஆறில் ஒன்றுக்குள் விழாது. கட்டத் தொடங்கிய நாளின் உதயத்தைப் பார்த்து வாசல் வைத்திருக்கலாம் என்று ஹோஸ்கின் நினைத்தார்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நூத்தி எழுபத்தேழா? அவன் ஆளு” என்றார்.

வியாழன், பார்னெனே

வடகரைக்கு வந்துவிட்டோம். மோர்லே விரிகுடாவைப் பார்க்கிற முனையில் 70 மீட்டருக்கு மேல் நீளமான கற்குவியல், உள்ளே 11 கல்லறைகள். கிழக்குப் பாதி கருமை கலந்த டோலரைட், மேற்குப் பாதி வெளுத்த கிரானைட். முதலில் ஐந்து அறைகள் கட்டி, பிற்பாடு ஆறு சேர்த்திருக்கிறார்கள் என்பது கல் நிறத்திலேயே தெரிகிறது. முதல் பாதி கி.மு. 4500ஐ ஒட்டியது.

1950களில் சாலைக் குத்தகைக்காரர் ஒருவர் ஜல்லிக்காக இதை வெட்டத் தொடங்கி, பக்கத்திலிருந்த சின்ன மேட்டை முழுசாகத் தின்றுவிட்டு, இதன் வடக்குப் பக்கத்தில் பல்லை வைத்த பிறகுதான் நிறுத்தினார்கள். அந்தக் காயம் அப்படியே இருக்கிறது. அதனால் சில அறைகளை நெடுக்கு வெட்டாகப் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழே இருப்பதை விட ஒரு சாண் உள்ளே தள்ளி, உச்சியில் சேர்ந்துவிடும் கூரை. சாந்து கிடையாது. அமில மண் ஆனதால் எலும்பு எதுவும் மிஞ்சவில்லை.

11 வாசலும் ஒரே பக்கம், தெற்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில். மாமா வேலி ஓரமாக நடந்து அத்தனைக்கும் காம்பஸ் வைத்தார். உதிக்கிற சூரியன் இல்லை இது, ஏறிவிட்ட சூரியன். பொதுவாக வெளிச்சப் பக்கம் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நிமிஷம் என்ற துல்லியம் இன்னும் வரவில்லை.

வெள்ளி, ரோஸ்கோஃப்

இரவுக் கப்பல், காலையில் அயர்லாந்தின் கார்க். கிளம்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். மாமாவுக்கு எடுத்தோம். அலை பலம். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிறு, நியூகிரேஞ்ச்

பாய்ன் ஆற்றின் வளைவில், டப்ளினுக்கு வடக்கே. நேரே போய் நிற்க முடியாது; பார்வையாளர் மையத்திலிருந்து அவர்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும், முன்பதிவு அவசியம்.

கி.மு. 3200. அதாவது பார்னெனேயின் முதல் கல்லுக்கும் இதற்கும் நடுவே 1,300 வருஷம். 85 மீட்டர் விட்டமுள்ள மேடு, சுற்றிலும் 97 விளிம்புக் கற்கள், நடைபாதை 19 மீட்டர். 1699இல் கல் தேடிய கூலியாட்கள் கண்ணில் வாசல் பட்டது.

முகப்பில் வெள்ளைக் குவார்ட்ஸ் சுவர் செங்குத்தாகப் பளபளக்கிறது. இதை நம்ப வேண்டாம். 1962 முதல் 1975 வரை இங்கே தோண்டிய கார்க் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் மைக்கேல் ஓ’கெல்லி, தரையில் சரிந்து கிடந்த குவார்ட்ஸைக் கான்கிரீட் பின்சுவர் வைத்து நிமிர்த்திக் கட்டினார். கற்காலத்தில் இவ்வளவு செங்குத்தாக நின்றிருக்காது என்று பலர் சண்டை போட்டாயிற்று. எனக்கும் அது ஏதோ அரசு நினைவு மண்டபம் மாதிரிதான் தெரிகிறது.

ஆனால் அதே ஓ’கெல்லிக்குத்தான் இன்னொன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். வாசலுக்கு மேலே தனியாக ஒரு கல் சன்னல். சூரியன் உள்ளே வந்து, சுழி செதுக்கிய கல்லைத் தொடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. வாசல் தென்கிழக்கு, ஆகவே வந்தால் குளிர்காலத்தில்தான் வரும் என்று யோசித்து, 1967 டிசம்பர் 21 அன்று விடியலுக்கு முன் தனியாக உள்ளே போய் நின்றார். சன்னல் வழியே கோடுபோல வெளிச்சம் விழுந்து, அறையின் தரைவரை நீண்டு, அகன்று, பிறகு அறுந்தது. பதினேழு நிமிஷம்.

எங்களை உள்ளே கூட்டிப்போய், விளக்கை அணைத்து, மின்விளக்கால் அதைக் காட்டினார்கள். மஞ்சள் கோடு தரையில் ஊர்ந்து காலடிக்கு வந்தது. மாமா அதைப் பார்க்கவே இல்லை. வரும்போதே தரையைக் கவனித்துக்கொண்டு வந்திருக்கிறார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

“தரை ஏறுது பார்த்தியா? வாசலுக்கும் அறைக்கும் ரெண்டு மீட்டர் லெவல் வித்தியாசம் இருக்கும். வாசல் வழியா வர்ற வெயில் பாதியிலேயே தரையில் முட்டி நின்னுடும். அறைத் தரையும் சன்னலும் ஒரே மட்டம். அதான் மேலே தனியா சன்னல்.”

இதுதான் விஷயம். கவ்ரினி வாசல் சூரியனைப் பார்ப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆள் போக வாசல் ஏற்கெனவே இருக்கும்போது, வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு துளை வைத்தவனுக்கு அந்த நோக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. சன்னலைக் குவார்ட்ஸ் கட்டியால் அடைத்திருந்தார்கள். அதைப் பலதடவை தள்ளித் திறந்த கீறல் அடிக்கல்லில் இருந்தது. 1989இல் டாம் ரே என்ற வானியலாளர் கணக்குப் போட்டு, இது தற்செயல் இல்லை என்று நேச்சர் இதழில் எழுதினார். பூமியின் சாய்வு இந்த ஐயாயிரம் வருஷத்தில் அரை டிகிரிக்கு மேல் குறைந்திருக்கிறது. அதனால்தான் இப்போது உதயத்துக்கு நாலு நிமிஷம் கழித்து வெளிச்சம் வருகிறது. கட்டிய காலத்தில் உதிக்கும்போதே வந்திருக்கும்.

உள்ளே கிடைத்த எலும்புகள் ஐந்து பேருடையவை போல. இவ்வளவு பெரிய மேட்டுக்கு ஐந்து பேர். அதில் ஒரு ஆணின் மரபணுவை 2020இல் படித்தார்கள்: பெற்றோர் இருவரும் உடன்பிறந்தவர்கள், அல்லது பெற்றவரும் பிள்ளையும். ராஜ வம்சம், கடவுளாக நினைத்த அரசன் என்று செய்திகள் பறந்தன. ஒரே ஒரு மண்டையோட்டுத் துண்டை வைத்து அரசனை உண்டாக்காதீர்கள் என்று வேறு ஆய்வாளர்கள் எதிர்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் பிடிக்கிறது. ஆனாலும் ஒரு உறுத்தல்: பக்கத்து மேடான டௌத்தைப் பற்றி இடைக்கால ஐரிஷ் ஏட்டில் ஒரு கதை இருக்கிறது. மேடு கட்டி முடியும்வரை சூரியன் மறையாதபடி நிறுத்தப்பட்டதாம். அரசன் தன் தங்கையோடு சேர்ந்ததும் மந்திரம் முறிந்து இருட்டிவிட்டதாம். நாலாயிரம் வருஷம் ஒரு செய்தி வாயால் தாங்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் இரவு தூங்கும் முன் இன்னொரு தடவை படித்தேன்.

திங்கள், நௌத்

பெரிய மேடு, கிழக்கே ஒரு நடைபாதை, மேற்கே ஒன்று. மேற்கு ஐரோப்பாவின் கற்காலச் செதுக்கல்களில் கால்வாசிக்கு மேல் இந்த ஒரே இடத்தில் இருக்கிறது. சுழி, பிறை, கோண அலை, கதிர் வைத்த வட்டம். விளிம்புக் கற்களைச் சுற்றி வரவே ஒரு மணி நேரம் ஆயிற்று. தோண்டியவர் ஜார்ஜ் இயோகன், 1962 முதல் வாழ்நாள் முழுக்க. குவார்ட்ஸை அவர் சுவராக நிறுத்தாமல் வாசல் முன்னால் தரையிலேயே பரப்பி விட்டிருக்கிறார். நேற்றைய மேட்டுக்கும் இதற்கும் ஒரு நடைதூரம்தான், இரண்டு பேராசிரியர்களின் அபிப்பிராய பேதத்தை நேரிலேயே பார்க்கலாம்.

கிழக்கு, மேற்கு என்று இருந்ததும் பகலும் இரவும் சமமாக வரும் சம இரவு நாளுக்காகக் கட்டியது என்று சொல்லிவிட்டார்கள். பிற்கால அளவைகளில் அது சரியாகப் பொருந்தவில்லை. கிளைவ் ரக்கிள்ஸ் என்ற தொல்வானியலாளர் அடிப்படையிலேயே ஒரு கேள்வி கேட்கிறார்: வருஷத்தின் மிகக் குறுகிய பகலன்று சூரியன் கோடிக்குப் போய் நின்று திரும்புவது கண்ணுக்குத் தெரியும், சம இரவு நாளில் அடிவானத்தில் எந்த அடையாளமும் இல்லை, அது கணக்குப் போட்டுப் பிடிக்கிற நாள். கற்கால மனிதனுக்கு அது எதற்கு? எனக்கு நியாயமாகப் படுகிறது. நம் ஆசையை அவர்கள் கல்லில் ஏற்றுகிறோம்.

நடைபாதைக்குள் விடுவதில்லை. புதிதாகக் கட்டிய அறையிலிருந்து எட்டிப் பார்க்கலாம். 40 மீட்டர் உள்ளே விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள், கண்ணுக்கு எட்டியவரை கல்தான். மாமா காம்பஸை வெளியே எடுக்கவே இல்லை.

பஸ்ஸில் விசா ஸ்டிக்கரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஷெங்கனில் மல்டிபிள் என்ட்ரி போட்டிருக்கிறது, இன்னும் நாள் மிச்சம் இருக்கிறது. அலென்தேஜுவுக்கு டப்ளினிலிருந்து விமானம் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார். 177இல் ஒரு பத்தையாவது தானே அளந்து பார்த்தால்தான் அந்த ஹோஸ்கினை முழுசாக நம்புவாராம். லிஸ்பனுக்கு விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.